நான் குடித்துச் சொன்ன ஒயின்

எங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு பிரெஞ்சு ஒயின் பாட்டில் எட்டொன்பது வருஷம் படுத்துக் கிடந்தது. இதைச் சொன்னால் அந்தமானில் எங்கள் கராச்சர்மாவில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு விசேஷ வீட்டுக்குப் போனாலே சமையல்கட்டுப் பக்கம் போய் ஒதுங்கி நின்றுகொள்கிறவள் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் பேச வராது. வீட்டுக்காரரிடம்கூடக் கேட்டதற்குப் பதில்தான்.

அவர் துறைமுகத்தில் இஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரும் அவர் மனைவியும் பாய்மரப் படகில் வந்து, இஞ்சின் கெட்டு நின்றுவிட்டார்கள். இவர் லீவு நாளில் போய்ச் சரிசெய்து கொடுத்தார். கூலி வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். கிளம்புகிறபோது அவர்கள் இந்தப் பாட்டிலைக் கொடுத்து, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார்களாம். படுக்க வைக்க வேண்டும், வருஷம் போகப் போக ருசி கூடும் என்று இவர் புரிந்துகொண்டார். பழைய லுங்கியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் சிமெண்டுத் தரையில் வைத்தார். தகரக் கூரை வீட்டில் அதுதான் குளிர்ச்சியான இடம். மகள் கல்யாணத்துக்குத் திறக்கலாம் என்றார். ரிட்டையர் ஆகும்போது திறக்கலாம் என்றார். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் ஆகட்டும் என்று தள்ளிவிட்டார். குடி அவருக்குப் பழக்கமில்லை. பாக்குதான். வாயில் எந்நேரமும் பாக்கு.

அந்தப் பாக்குதான் நாக்கின் ஓரத்தில் புண்ணாக வந்து நின்றது. இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மெயின்லேண்டுக்குப் போகச் சொன்னார்கள். சென்னையில் நாக்கில் ஒரு பகுதியை எடுத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு ருசி எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் எனக்கு உடம்பில் சத்தே இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. விமானத்துக்கு முந்தின நாள் காலையில் துணிமணியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏ, இங்க பாரு. இன்னிக்கு அந்தப் பாட்டிலத் தொறந்துருவோம்" என்றார்.

"இந்த வாயோடயா? எரியுமேங்க."

"எரியட்டும். அடுத்த வாரம் இந்த நாக்கு என்ன கெதியோ. அது என்ன ருசின்னு எனக்குத் தெரிஞ்சிரணும். அம்புட்டுத்தான்."

நோயைப் பற்றி டாக்டர் சொன்னபோதுகூட அவர் எதையும் கேட்கவில்லை. கேட்டது இது ஒன்றுதான். பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பாட்டிலை எடுத்துத் துடைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒரு பக்கமாகக் கறுப்பாக மண்டி ஒட்டியிருந்தது. இரண்டு பிரசவத்துக்கும் தசமூலாரிஷ்டம் குடித்தவள் நான். அரிஷ்டம் என்றால் அடியில் தங்கத்தான் செய்யும். குலுக்காமல் ஊற்றினால் சத்தெல்லாம் அடியோடு போய்விடும். இதுவும் திராட்சையில் செய்த அரிஷ்டம்தானே என்று, இரண்டு கையாலும் பிடித்து நன்றாகக் குலுக்கினேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மலையாளி, இவரை வழியனுப்ப வந்தார். பயணிகள் கப்பலில் ரொம்ப காலம் சமையல்காரராக இருந்தவர். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அரே சேச்சி, போதும் போதும், நிறுத்துங்க. இது அரிஷ்டம் இல்ல."

"எனக்கு மருந்து கலக்குறா" என்றார் இவர்.

"நல்ல மருந்து. இத்தனை வருஷம் தூங்கின ஆளை இப்படியா எழுப்புறது? அடியில இருந்த கசடு முழுக்க மேல வந்தாச்சு. இப்ப குடிச்சா வாயில மண்ணு அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும்."

இவர் ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டுக் கேட்டார், அதையும் கலக்கிவிட்டேனே என்று நின்றேன். மலையாளி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "சாயங்காலம் வரை நேரா நிக்க வெச்சா ஓரளவு அடங்கும், சேச்சி. பாக்கியைத் துணியில வடிகட்டலாம். நான் வரேன்."

பாட்டிலைத் தள்ளிப் பிடித்து மேலே ஒட்டியிருந்த தாளைப் படித்தார். "ஒரே திராட்சை இல்ல இது. மூணு ஜாதி கலந்தது. நம்ம கராச்சர்மா பஸ் மாதிரி வெச்சுக்கோங்க. பெங்காலி, தெலுங்கு, நம்மள்னு எல்லாரும் ஏறி இடிச்சுக்கிட்டு நிப்போம். வண்டி கொஞ்ச தூரம் போனா சத்தம் அடங்கிரும். அதுக்குத்தான் பழசாக விடுறது."

"டவுன் போற வரைக்கும் அடங்காத பஸ்ஸும் இருக்கு" என்றார் இவர்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. தெருவில் யாரும் பார்க்கக்கூடாது என்று நான் கதவைச் சாத்தினேன். மூடி மரத்தக்கை. இவர் அதில் ஒரு மர ஸ்குருவை முறுக்கி இறக்கி, குறட்டால் பிடித்து இழுத்தார். பாதி வந்தது, பாதி உள்ளே விழுந்தது. தேங்காய்ப்பால் பிழிகிற மல்துணியை வெந்நீரில் அலசிக் கொடுத்தேன். மலையாளி அதில் மெதுவாக வடிகட்டி மூன்று கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். நிறம் நான் நினைத்த மாதிரி ரத்தச் சிவப்பாக இல்லை. ஓரத்தில் செங்கல் பொடி கரைத்தது போல இருந்தது. மலையாளி ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"வயசாயிட்டுது. ரொம்பக் களைச்சும் போச்சு. ஆனா சாகல" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, நீங்க ரெண்டு பேரும் இருங்க என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இவர் டம்ளரை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார். முகம் கோணிவிட்டது. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். கண்ணில் தண்ணீர். கொஞ்ச நேரம் பொறுத்து ஒரு தேக்கரண்டியில் எடுத்து நாக்கின் நல்ல பக்கத்தில் விட்டுப் பார்த்தார். அதற்கும் அதே பாடு.

"ஒண்ணும் தெரியல. நெருப்பு மாதிரி இருக்கு. வேற ஒண்ணும் தெரியல" என்றார்.

டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. பெட்டி வேறு பாதி அடுக்கினபடி திறந்து கிடந்தது.

"நீ குடி" என்றார்.

"நானா?"

"குடிச்சுட்டு என்னா ருசின்னு எங்கிட்ட சொல்லு."

"எனக்கு என்னங்க சொல்லத் தெரியும்?"

"கொழம்புல உப்பு கம்மின்னு சொல்லத் தெரியும்ல. அந்த மாதிரி சொல்லு. யாரு இருக்கா இங்க, நான்தானே."

குடித்தேன். தொண்டையில் சூடாக இறங்கியது.

"புளிப்புங்க."

"என்ன புளிப்பு? எலுமிச்சையா, மோரா?"

"அப்படி இல்ல. நாவப்பழம். நல்லாப் பழுக்காத நாவப்பழம்."

"அப்பறம்?"

"துவர்க்குது."

"எப்படித் துவர்க்குது?"

எனக்கு அது எப்படி என்று தெரியும். வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. அவர் விடாமல் என் முகத்தையே பார்த்தார்.

"பாக்கு மாதிரி" என்றேன். "கொழுந்து பாக்கு."

அவர் தாடையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வலிக்கிறதோ என்று பயந்து எழுந்தேன். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "சனியன், இதுலயும் வந்து உக்காந்திருக்கா?"

சிரிப்பு அடங்கின பிறகு இன்னொரு வாய் குடிக்கச் சொன்னார். இந்தத் தடவை அந்த முரட்டுத்தனம் குறைந்திருந்தது. வாசனை ஒன்று வந்தது. எனக்குத் தெரிந்த வாசனைதான், எங்கே என்று பிடிபடவில்லை. டம்ளரை மூக்கருகில் வைத்து யோசித்தேன். மழைக்காலத்தில் மர மில்லைத் தாண்டி நடக்கும்போது வருவது.

"படாக் மரம்ங்க. அறுத்த தூள் நனைஞ்சா வரும்ல, அது."

"குடு" என்று டம்ளரை வாங்கி மோந்தார். அவருக்கு நாக்குதான் போயிருந்தது. மூக்கு நன்றாகத்தான் இருந்தது. வெகுநேரம் மோந்துவிட்டு, "ஆமா. ஈரப் படாக்" என்றார்.

அதற்குப் பிறகு அப்படியே செய்தோம். அவர் மோந்து பார்த்துவிட்டு என்னிடம் தருவார். நான் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொல்வேன். ஊறின கறுப்புத் திராட்சை என்றேன். கொஞ்சம் மண் என்றேன். "அது நீ குலுக்குனது" என்றார். ஒவ்வொரு மிடறுக்கும் ருசி மாறிக்கொண்டே போனது. புளிப்பு பின்னால் போனது, ஒரு மெல்லிய தித்திப்பு முன்னால் வந்தது. இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் இப்படித் தொடர்ந்து பேசினதில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது.

"எனக்காகச் சேத்துச் சொல்றியா?"

"இல்லங்க. முழுங்குன பெறகு கடைசில ஒண்ணு நிக்குது. அது என்னன்னு எனக்குத் தெரியல."

"தெரியலன்னு சொன்ன பாரு. அப்ப நெசந்தான்" என்று சுவரில் சாய்ந்துகொண்டார். "போதும். எனக்குத் தெரிஞ்சிருச்சு."

மறுநாள் போனோம். நாக்கில் பாதியை எடுத்தார்கள். மூக்கு வழியாகக் குழாயில் கஞ்சி, பிறகு மகள் வீட்டில் கொஞ்ச காலம். திரும்பி வந்தபோது பாட்டிலில் மிச்சம் இருந்தது காடியாகிப் போயிருந்தது. சாக்கடையில் கொட்டிவிட்டுப் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன்.

இப்போது எல்லாவற்றையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும். அவர் பேசுவது எனக்கு மட்டும்தான் புரிகிறது. ருசி அநேகமாக இல்லை. கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தால் முதலில் மோந்து பார்க்கிறார். பிறகு கரண்டியை என் பக்கம் திருப்பிவிட்டுக் காத்திருக்கிறார். நான் ஒரு வாய் சாப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் வாயைத் திறக்கிறார். நன்றாக இருக்கிறது என்று ஒரே வார்த்தையில் முடித்தால் ஒப்புக்கொள்வதில்லை, கரண்டியைத் திரும்பவும் என் பக்கம் தள்ளுகிறார். மூன்று வேளையும் இப்படி. காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன சொல்லப் போகிறோம் என்று அலுப்பாகத்தான் இருக்கிறது. இன்று மத்தியானம் சுரைக்காயும் பருப்பும் குழைய வேக வைத்திருந்தேன். சுரைக்காய் கொஞ்சம் முற்றல், சீரகம் கூடிவிட்டது, அடியில் லேசாகப் பிடித்த வாடை இருக்கிறது என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வாயைத் திறந்தார்.