தேங்காய்க் கூடையும் சுவீடன் படிவமும்

தனிமனிதரைப் பற்றிய பதிவுகளைக் காக்க சுவீடனில் சட்டம் வந்திருப்பதாகப் பத்திரிகையில் படித்தேன். தன்னைப் பற்றி எழுதியிருப்பதை அங்கே ஒருவர் கேட்டுப் பார்க்கலாமாம். நம் பக்கத்தில் அதற்கு என்ன வேலை என்ற சந்தேகத்தோடு 1974 ஜூலையில் புறப்பட்டேன். சுவீடன் பணத்தில் ஒரு மருத்துவமனை திருச்சுழியில் நடத்திவந்த தொழுநோய் கிளினிக்கைப் பார்க்க அனுமதிக் கடிதம் கிடைத்திருந்தது. கொடுத்தது மருத்துவமனை. நோயாளிகளை யாரும் கேட்கவில்லை. அது அப்போது எனக்கும் தோன்றவில்லை.

மதுரையிலிருந்து காலை ஆறே கால் பஸ். அருப்புக்கோட்டையில் இறங்கி, வாயில் புழுதி படிய அடுத்த பஸ், அறுபது பைசா. பக்கத்து இருக்கையில் தேங்காய்க் கூடையோடு நெசவாளர் தெருப் பெண் ஒருவர். சிவன் கோயிலுக்குப் போவதாகச் சொன்னார்.

அரை மணி நேரம் கழித்து அதே கூடை கிளினிக் வாசலில் இருந்தது. தெரிந்த முகம் இருக்காதென்று அருப்புக்கோட்டைக்காரர்கள் இங்கே வருவார்களாம். திருச்சுழிக்காரர்கள் அங்கே போவார்களாம்.

அன்று சுவீடனிலிருந்து புதுப் படிவம் வந்திருந்தது. சொந்த ஊர், தெரு எல்லாம் கேட்டது. அந்த முகவரிக்கு ஆள் அனுப்பி விசாரிப்பார்களாம்.

"தெருவ எழுதாதீக, சார். ஆவணியில மகளுக்குக் கல்யாணம்," என்றார் அந்தப் பெண்.

"எழுதாட்டி மாத்திர கெடையாதுன்னு போட்டிருக்கே, தாயி," என்றார் கிளினிக் ஊழியர்.

"அப்ப மாத்திர வேணாம்." கூடையை எடுத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அதே நாட்டில் இப்படிப்பட்ட பதிவுகளுக்குக் காவலாகச் சட்டமே இருக்கிறது என்றேன். ஊழியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதையும் இந்தக் காயிதத்தோட சேத்து அனுப்பியிருக்கலாம்ல?"

பிறகு படிவத்தில் ஏதோ எழுதி மாத்திரைகளை நீட்டினார். எந்தத் தெருவை எழுதினார் என்று அந்தப் பெண் கேட்டார்.

"எங்க வீடுதான். ஒங்களையும் சேத்து பதினோரு பேரு குடியிருக்காக. எம் பொண்டாட்டிக்குத்தான் தெரியாது," என்றார் ஊழியர்.

ஊழியர் ஓய்வு பெற்று, படிவமும் மாறி, கிளினிக்கும் இடம்பெயர்ந்துவிட்டதால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

திருச்சுழிக்குப் போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் வெயில் தாங்காது. நடுப்பகல் பஸ்ஸை விட்டால் மூன்றரைக்குத்தான் அடுத்தது. நானும் அந்தப் பெண்ணும் அதில்தான் திரும்பினோம், அடுத்தடுத்த இருக்கையில். கூடையைப் பார்த்து, கோயிலில் கூட்டமா என்று நடத்துநர் கேட்டார்.

"நல்ல கூட்டம்," என்றேன் நான்.