துபாய்க்காரனின் திமிங்கல இருக்கை

இக்கரையோரம் எவ்வகைத் திமிங்கலங்கள் ஒதுங்கின என்று ஆராய வந்த எனக்கு, காஞ்சிரங்குளத்துத் தேநீர்க் கடையில் திமிங்கல முதுகெலும்பின் ஒற்றைக் கணு ஒன்று இருக்கையாகப் போடப்பட்டிருப்பது கண்ணில் படுகிறது. கணுவின் முனையிலுள்ள வட்டத் தகடு இன்னும் எலும்போடு ஒட்டவில்லை. அப்படியானால் வளர்ச்சி முற்றாத விலங்கு. எந்த இனம்? கவிழ்த்துப் பார்க்கக் குனிகிறேன்.

"அசைக்காதீங்க சாரே!" கடைக்கார அம்மாள் ஓடிவருகிறாள். "எனக்க மகன் கடப்புறத்திலேருந்து உருட்டிக் கொண்டுவந்ததாக்கும். இப்ப துபாயில வேலை. திரும்பி வந்து அவன்தான் இதில இருப்பான், வேற ஆரும் இருக்கக் கூடாது."

"ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் இனம் தெரியும், அம்மா."

"தெரிஞ்சா எழும்பி நீந்தவா போகுது? வேணும்னா அளந்துக்கிடுங்க. இருக்க பெஞ்சு உண்டு."

மண்டியிட்டு அளக்கிறேன், இனம் தெளிவாகவில்லை. மனைவி மறைந்தபின் அவள் நாற்காலியில் நானும் எவரையும் அமரவிடுவதில்லை. இந்த இருக்கைக்கு உரியவனாவது திரும்பி வருவான். எலும்பை அசைக்காமல் எழுந்து பெஞ்சில் அமர்கிறேன்.