கிழிக்காத தேதிகள்

ஷட்டரை இறக்குவதற்கு முன் அவர் சுவரைப் பார்ப்பார். அன்றைக்கு ஒரு மோட்டாராவது கடைக்கு வந்திருந்தால், தேதி காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழிப்பார். வரவில்லை என்றால் தொடவே மாட்டார். சும்மா போன நாளை நாள் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனசு வராது. அதனால் உலகத்துக்கு அக்டோபர் முப்பத்தொன்று என்றால், அவருடைய கடையில் ஆகஸ்ட் ஒன்பதாக இருக்கும்.

பள்ளிக்கூட நாட்களில் இந்தக் காலண்டரை நம்பி மகள் ஒரு பரீட்சையையே தவற விட்டிருக்கிறாள். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். கைபேசியை நீட்டி, "இதுல பாருங்கப்பா, தேதி என்னன்னு" என்றால், "அது அதோட தேதி" என்பார்.

அவருடைய தொழில், கருகிப்போன பம்ப் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது. ஊரில் எல்லாருக்கும் அவர் காயில்காரர். கடை முழுக்க வார்னிஷ் வாடை. திருப்புளியின் நுனியை ஓடும் மோட்டாரில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். "பேரிங் அழுவுது" என்பார். பிரித்தால் பேரிங்தான் போயிருக்கும். காயில் கட்டி ஓடாத மோட்டாருக்குக் கூலி வாங்க மாட்டார். இரண்டு நாள் குனிந்து கட்டியிருப்பார், விரலெல்லாம் கம்பி கீறியிருக்கும். ஆனாலும் வாங்க மாட்டார். மோட்டாரின் முதுகில் பெயின்ட்டால் கேரண்டி தேதி எழுதுவதும், அது முடிந்துவிட்டதா என்று பார்ப்பதும் தன் காலண்டரைப் பார்த்துத்தான். ஆறு மாதக் கேரண்டி சில வருடங்களில் எட்டு மாதம் ஓடும். விவசாயிகளுக்கு அந்தக் காலண்டர் மேல் தனிப் பிரியம்.

மழைக்காலத்தில் யாரும் மோட்டார் போடுவதில்லை. போடாத மோட்டார் கருகுவதில்லை. அந்த மாதங்களில் காலண்டர் அப்படியே நிற்கும். வருடக் கடைசியில் மீந்த தாள்களைச் செம்புக் கம்பியால் கட்டி ஆணியில் தொங்க விடுவார். ஒன்பது வருடத்துக்கு ஒன்பது கட்டு.

ஒன்பது வருடத்துக்கு முன்புதான் மகள் அவரைச் சுயதொழில் செய்பவர்களுக்கான காப்புத் திட்டத்தில் சேர்த்தாள். மாதாமாதம் சிறு தொகை கட்ட வேண்டும். கை கால் முடங்கினால் உதவித்தொகை, பத்து வருடம் முழுசாகக் கட்டினால் அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியம். விண்ணப்பத்தில் 'முதலாளியின் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கோடு போடச் சொன்னாள். அவர் கோடு போடவில்லை. 'கடைக்கு வருகிறவர்கள்' என்று எழுதினார். அதற்காகவே அந்த விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது.

அப்போதே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

போன மாதம் சங்கிலி நழுவி ஒரு மோட்டார் அவர் வலது கையில் விழுந்தது. இரண்டு விரல் நசுங்கியது. மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். மகள் லீவு போட்டுவிட்டு, பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு, உதவித்தொகை கேட்கப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள், பாஸ்புக்கைப் பார்த்தாள், மறுபடியும் கணினியைப் பார்த்தாள்.

"உங்கப்பா மாசாமாசம் கட்டியிருக்காரு. ஆனா முக்கால்வாசி மாசம் முழுசா கட்டல. ஒரு மாசம் இருபத்திரண்டு நாளுக்கு, ஒரு மாசம் ஒன்பது நாளுக்கு. குறைஞ்ச மாசத்தை சிஸ்டம் மாசமாவே எடுத்துக்காதுங்க. நூத்தியெட்டு மாசத்துல கணக்குக்கு வந்தது முப்பத்தியொண்ணுதான்."

மாதத் தொகையை முப்பதால் வகுத்து, கிழித்த தாள்களுக்கு மட்டும் கட்டியிருக்கிறார் மனிதர். அன்று மாலை மகள் ஆணியிலிருந்த கட்டுகளை இறக்கி, இந்த வருடத்தில் அன்றுவரை கிழிக்காத தாள்களையும் சேர்த்து எண்ணினாள். கணினி சொன்ன குறைவுக்கும் அந்தத் தாள்களுக்கும் ஒரு நாள்கூட வித்தியாசம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஏமாற்றியிருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

"இந்த மனுசன்கிட்ட பேசுறதுக்குக் கருகுன மோட்டார்கிட்ட பேசலாம். அதுவாவது தட்டினா சத்தம் குடுக்கும்" என்றாள் அம்மா.

ஒரே ஒரு வழி இருந்தது. விட்டுப்போனதை மொத்தமாகக் கட்டி, சலானில் அவரே கையெழுத்துப் போட்டால், எல்லா மாதமும் கணக்கில் வரும். கடைசி நாள் அக்டோபர் முப்பத்தொன்று, மாலை நான்கு மணி. தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கும் வயது அவருக்குத் தாண்டிவிட்டது. தொகையோ ஒரு மோட்டாருக்குக் காயில் கட்டும் கூலிக்குள் அடங்கிவிடும். பணத்தை அவளே கொண்டுவந்திருந்தாள்.

அந்தக் கடைசி நாளன்றுதான் அவர் கட்டுப்போட்ட கையோடு கடையைத் திறந்திருந்தார். மணி மூன்று.

"ஒரு கையெழுத்துப்பா. எடது கையால கிறுக்கினாக்கூட போதும்."

"எதுக்கு?"

"விட்டுப்போன நாளுக்கு."

"விட்டுப்போகலியே. வேலை இல்லாத நாளும்மா அது. வேலை செய்யாத நாளுக்கு நான் யார்கிட்டயாவது காசு கேட்டிருக்கேனா? என்கிட்ட மட்டும் எப்படிக் கேக்கலாம்?"

"அப்பா, அதுக்குத்தானே இந்தத் திட்டமே! நீங்க வேலை செய்ய முடியாத நாளுக்கு அவங்க காசு தருவாங்க."

அவர் முகம் சுருங்கியது. யாரோ எச்சில் தட்டை நீட்டியதுபோல. "சும்மா உக்காந்திருக்கறதுக்கா? வேணாம்."

"எனக்கு ஞாயித்துக்கிழமைக்கும் சேத்துத்தான் சம்பளம் வருது. நான் வேணாம்னா சொல்றேன்?"

"உன் சம்பளத்துலயும் இதுமாதிரி பிடிக்கறாங்கல்ல?"

"பிடிக்கறாங்க. பாதி என்கிட்ட பிடிப்பாங்க, மீதிப் பாதியை கம்பெனி போடும். என் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிடும். எனக்குத் தெரியக்கூடத் தெரியாது."

"சரி. எனக்கு அந்த இன்னொரு பாதியை யாரு போடுவாங்க?"

மகள் சலானை அவர் பக்கம் தள்ளினாள். மூன்று வருடமாகச் சம்பளச் சீட்டு வாங்குகிறாள்; அந்த வரியை ஒருமுறையாவது நின்று படித்திருக்கிறாளா? படிக்கவில்லை. படித்தவள் என்று அவரிடம் சத்தம் போட மட்டும் வந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்: "மணி மூணே கால்."

அப்போது வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. பக்கத்தில் வெங்காயம் பயிரிடுபவர், அவருடைய பழைய வாடிக்கை, கருகிய மோட்டார் ஒன்றை மாரோடு அணைத்தபடி இறங்கினார்.

"என்னண்ணே, அப்பாவும் பொண்ணும் போடுற சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது?"

மகள் அவரைச் சாட்சிக்கு இழுத்தாள். "நீங்களே சொல்லுங்க மாமா. நீங்களும் சேந்தீங்கல்ல?"

"சேந்தேன் பாப்பா. ரெண்டு வருசத்துல விட்டுப்போச்சு. அவங்களுக்கு மாசாமாசம் வேணும். வெங்காயம் என்ன மாசாமாசமா வெளையுது? எடுத்தா ஒரே நாள்ல காசு, இல்லாட்டி நாலு மாசம் பையில வெறுங்காத்து." மோட்டாரை மேஜையில் இறக்கினார். "ஆனா உங்கப்பாவுக்கு என்ன கேடு? போடுண்ணே கையெழுத்த. புள்ள கண்ணு கலங்குது பாரு."

"கலங்கல மாமா. எரியுது."

காயில்காரர் காதில் விழாதவர்போல மோட்டாரை முகர்ந்தார். "எப்ப கருகுச்சு?"

"காலையில. இந்த வருசம் மழையும் இல்ல, நாத்து வாடுதுண்ணே."

"அந்த நாலு போல்ட்டையும் நீயே கழட்டு. எனக்குக் கை ஆகாது. நான் சொல்றேன்."

வெங்காயக்காரர் ஸ்பேனரைத் தேடி எடுத்தார். மகள் சலானை மோட்டாருக்குப் பக்கத்தில், அவர் கண்ணில் படும்படி வைத்து, பேனாவின் மூடியையும் கழற்றி வைத்தாள். முதல் போல்ட் கழன்றது. இரண்டாவது மசியவில்லை, மண்ணெண்ணெய் விட்டுத் தட்டினார்கள். மூன்றரை. மூன்றே முக்கால். அலுவலகம் இரண்டு தெரு தள்ளித்தான். ஓடினால் இப்போதும் போய்விடலாம்.

"அப்பா."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். சாயங்காலத்துக்கு முன்னால் அவர் தாள் கிழித்து அவள் பார்த்ததே இல்லை. எழுந்து போய், இடது கையால் ஆகஸ்ட் ஒன்பதைக் கிழித்தார். சட்டைப்பையில் துழாவி, சில்லறை எடுத்து, அன்றைய ஒரு நாளுக்கான காசை மட்டும் எண்ணினார். கையெழுத்து விழாத சலானின்மேல் அதை வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க, கழற்றிய போல்ட் ஒன்றை அதன்மேல் நிறுத்தினார்.