ஓட்டில்லாத தங்கச்சி கேட்ட கேள்வி

இன்று காலை சிவகிரியிலிருந்து சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில்...

ஜன்னலோர சீட். காதில் ஹெட்செட். வெளியே பனி விலகாத வயல். கையிலிருக்கும் போனில் அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூட ஹால்.

அங்கே சாயங்காலம். மைக் முன்னால் என் தங்கச்சி செல்வி நிற்கிறாள்!

(கண்டக்டர் எங்கே என்று கேட்டபோது அமெரிக்கா என்று சொல்லப் பார்த்தேன்.)

போன மாதம் அவள் மகள் யாழினி படிக்கிற பள்ளியில் துப்பாக்கிச் சூடு. சுட்டவன் பதினாறு வயதுப் பையன். அவன் அப்பாவின் துப்பாக்கி வீட்டில் பூட்டாமல் கிடந்திருக்கிறது.

யாழினி தப்பித்தாள். பக்கத்து வகுப்புப் பையன் ஒருவன் வீடு திரும்பவில்லை.

வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொல்லும் சட்டத்தைப் போன வருடம் எதிர்த்தவர் அந்தத் தொகுதி உறுப்பினர். அது மறுபடி ஓட்டெடுப்புக்கு வருகிறது. ஊரே நெருக்கியதால் அவர் அந்த ஹாலுக்கு மக்களைச் சந்திக்க வந்திருந்தார்.

நேற்று செல்வி போனில் அழுதாள். "அக்கா, நான் பேசட்டுமா? எனக்கு இங்கன ஓட்டே கிடையாது."

நான் சொன்னது: "ஏட்டி, சும்மா இரு. விசாவுக்கு எதுவும் வந்துட்டா என்ன செய்வே?"

அவள் சும்மா இருக்கவில்லை.

யாழினியின் ஷூவைப் பற்றித்தான் பேசினாள். நடந்தால் லைட் எரியும் ஷூ. லீவுக்கு வந்தபோது நான் சங்கரன்கோவிலில் வாங்கிக் கொடுத்தது. சுட்டவனுக்கு வெளிச்சம் தெரிந்துவிடும் என்று அன்று பிள்ளை அதைக் கழற்றி, பாவாடைக்குள் சுருட்டி, அலமாரிக்குள் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கே இது இன்றுதான் தெரியும்.

"ஆபத்தானதை எடுத்து ஒளித்து வைக்க எட்டு வயதுப் பிள்ளைக்கு வந்த யோசனை உங்களுக்கு ஏன் வரவில்லை? இந்த முறை எப்படி ஓட்டுப் போடுவீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். குரல் நடுங்கவே இல்லை.

அவர் சட்டச் சிக்கல், உரிமை என்று ஏதோ ஆரம்பித்தார். பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்து நின்றார். பிறகு ஒருவர். பிறகு ஹாலே நின்றது. யாரும் சத்தம் போடவில்லை. அவர் கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்தார்.

அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது!

உறைந்துபோன அவர் முகத்தின் மேல் ஜன்னல் வெயில். வேப்பமர நிழல்கள் ஒவ்வொன்றாக அதைக் கடந்து போயின. எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அவளே கூப்பிட்டாள். அந்தப் பூட்டுச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போடுவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம். துப்பாக்கி வாங்க வயது வரம்பு கேட்டதற்கு மட்டும் பதில் இல்லையாம்.

"பாதிதான் கெடைச்சிருக்கு. அடுத்த கூட்டத்துக்கும் போவேன்," என்றாள்.

"உன்னையப் பேசாதன்னு சொன்னது எந் தப்புட்டி."

"இல்லக்கா. அழுகையெல்லாம் நேத்தே உங்கிட்ட அழுதுட்டேன்லா. இன்னைக்குப் பேச்சுதான் மிச்சம் இருந்துச்சு."

ஆபீஸுக்கு நேரமாகியும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

உங்கள் தங்கச்சி "நான் பேசட்டுமா?" என்று கேட்டிருந்தால், நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?