துருக்கிக்கு மேலே

அப்பா மூச்சை நிறுத்தியபோது தம்பி துருக்கிக்கு மேலே இருந்தான். கைபேசியில் விமானங்களைக் காட்டும் வரைபடத்தை விடிந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்ததால் எனக்கு அது தெரியும். டொராண்டோவிலிருந்து தோஹாவுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே இறங்கிக் காத்திருந்து இன்னொரு விமானம் ஏறினால், நாலு மணி நேரம் போலக் கொச்சி. "அதெல்லாம் பறந்து வந்துடலாம். நெடும்பாசேரி ஏர்போர்ட்லேந்து மட்டாஞ்சேரி வீட்டுக்கு வர்றதுதான் தூரம்" என்று அப்பா கேலி செய்வார்.

அன்று காலை அவன் விமானம் ஏறும்போதுகூட அப்பா பேசினார். தம்பி எப்போது கூப்பிட்டாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "அங்க இப்ப மணி என்ன?" பதிலைக் கேட்டுவிட்டு, ஏதோ புதிதாகத் தெரிந்துகொண்டதுபோல ஆச்சரியப்படுவார். வருடக்கணக்காக இதையே கேட்டு எனக்கு எரிச்சல் வரும்.

எங்கள் குடும்பத்தில் வழியில் இருப்பவருக்குச் சாவைச் சொல்வதில்லை. 'சீரியஸ்' என்பதோடு நிறுத்திக்கொள்வோம். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன்கிட்ட இப்பப் பறயண்டா மோளே, சொல்ல வேண்டாம். ஆகாசத்துல ஒத்தைக்கு உக்காந்து அவன் என்ன செய்வான்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்தது அவனுடைய அப்பா. பக்கத்து வீட்டுச் சேட்டனுக்குத் தெரிந்து, நாற்காலி கொண்டுவந்த ஆட்டோக்காரருக்கும் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்கு மட்டும் தெரியக்கூடாதாம்.

சாயங்காலம் தோஹாவிலிருந்து கூப்பிட்டான். வாசலில் ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டுவிடுமோ என்று கதவைச் சாத்தினேன்.

"அக்கா, எறங்கிட்டேன். அப்பா எப்படி இருக்கார்?"

சித்தப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியேதான் இருக்கார். உறங்குறார்."

"ஃபோன அவரு காதுல வை."

வைத்தேன். அப்பாவின் காது சில்லென்று இருந்தது. "அப்பா, பாதிக்கு மேல வந்துட்டேன்" என்று தம்பியின் குரல் மெல்லக் கேட்டது. பிறகு காத்துக்கொண்டிருந்தான். எதற்கு என்று எனக்குத் தெரியும். தாங்க முடியாமல் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"அக்கா" என்றான். "அங்க இப்ப மணி என்ன?"

இந்த ஊர் மணியை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. சொன்னேன். சரி என்று வைத்துவிட்டான்.

சித்தப்பா தடுக்கத் தடுக்க நான் திரும்பக் கூப்பிட்டேன். வழக்கமும் மண்ணாங்கட்டியும். அவன் எடுத்ததும், "தம்பி, அப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா. நீ பறயாதே. பறஞ்சா என்னால ஏற முடியாது."

வாயைப் பொத்திக்கொண்டேன். அங்கே யாரோ அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவன் காத்திருந்தான்.

"பாத்து வா" என்றேன்.