ஆயம்மாள் நிறுத்திய மாத்திரை

ஆயம்மாளின் இடது கை குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, திருப்பிக்கொண்டே இருக்கும். வலது கைக் கத்தி தோலைக் கீறி உரித்துத் தள்ளும். சின்னசேலம் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் அதுதான் அவள் வேலை. கல்வராயன் மலையிலிருந்து லாரியில் கிழங்கு வந்து குவிந்துவிட்டால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க முடியாது. பெண்களுக்குக் கழிப்பறையும் கிடையாது. ஆகவே எல்லாரும் தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்திருப்பார்கள். நீர்க்கடுப்பு அங்கே புதிய சங்கதி இல்லை.

ஆயம்மாளுக்கு அது முதல் முறை வந்தபோது மருந்துக் கடையில் கேட்டு இரண்டு மாத்திரை விழுங்கினாள். எரிச்சல் நின்றது. அடுத்த முறை அதே மாத்திரை அரைகுறையாகக் கேட்டது. அதற்கடுத்த முறை கேட்கவே இல்லை. அப்போதுதான் நான் நர்ஸாக இருந்த சுகாதார நிலையத்துக்கு வந்தாள். சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பியதில், கடை மாத்திரைக்கு அந்தக் கிருமி பழகிவிட்டது தெரிந்தது. டாக்டர் நைட்ரோஃபுரான்டாயின் எழுதினார். பழைய மருந்துதான், ஆனால் அதற்கு அந்தக் கிருமி இன்னும் பழகியிருக்கவில்லை. சாப்பிட்டபின் ஐந்து நாள் போட வேண்டும் என்றார். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும் என்று அவர் சொல்லும்போது வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவள் அதைக் காதில் வாங்காமல் பாதியில் ஓடினாள்.

நிறத்தைப் பார்த்தவள் காமாலை என்று முடிவு கட்டினாள். ஒட்டிக்கொள்ளும் என்று காமாலைக்காரியை ஆலை மேஸ்திரி கண்ணாயிரம் கிழங்கைத் தொட விடமாட்டார். முந்தின வருஷம் காமாலை என்று ஒருத்தியை அனுப்பியவர் பிறகு சேர்த்துக்கொள்ளவே இல்லை. புருஷன் இல்லாத ஆயம்மாளுக்கு அந்த வேலை போனால் அடுப்பு எரியாது. மாத்திரையை நிறுத்தினாள், கீழாநெல்லியை அரைத்துக் குடித்தாள், யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த வாரமே குளிர்க்காய்ச்சல், வாந்தி, விலாவுக்குக் கீழே முதுகில் வலி. ஓரகத்தி தைலம்மாள் அவளைத் தாங்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தாள்.

“காமாலைங்க நர்சம்மா. மேஸ்திரிகிட்ட சொல்லிடாதீங்க,” என்றாள் ஆயம்மாள்.

கண் இமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. “காமாலையும் இல்ல ஒண்ணும் இல்ல. அது மாத்திரையோட நெறம்.”

“இன்னாடி இது! இதுக்கா வாய மூடிக்கினு கெடந்த?” என்றாள் தைலம்மாள். “என்கிட்ட சண்ட போட்டா மட்டும் தெருவுக்கே கேக்கும்.”

“அந்த மாத்திரையே போட்டுக்கறேங்க. நாளைக்கு லோடு வருது.”

“இனிமே அது கேக்காது. கிருமி கிட்னிக்கு ஏறிக்கிச்சு. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில படுத்து ஊசி போட்டுக்கணும்.”

அந்த மருந்து சிறுநீர்ப்பைக்குத்தான் உதவும். சிறுநீரகத்தில் போதிய அளவு சேராது.

“ஆலையில என் எடம் பூடுமுங்க.”

“நீ பூட்டா எடத்துல யாருடி குந்துவா?” என்றாள் தைலம்மாள்.

ஆம்புலன்ஸில் ஏற்றினோம். அந்த நிலையில் போய்த் திரும்பாதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதை அவர்களிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. அடுத்த ஊசி போட்டார்கள். தைலம்மாள் களைவெட்டுக்குப் போகாமல் ஆலைக்குப் போனாள். “காமாலை இல்லீங்க, கிட்னி காய்ச்சல். யாருக்கும் ஒட்டாது. அவ வர்ற வரைக்கும் நான் குந்துறேன்,” என்று கண்ணாயிரத்திடம் சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் ஆயம்மாளின் இடத்தில் உட்கார்ந்தாள்.