ஊதாத் துணிக்குள் சம்பத்திரிசியார்

அம்புறோஸ் அண்ணை டோர்ட்மண்டில் ஓர் ஐரிஷ்காரரின் குடிக்கடையில் துப்புரவு வேலை செய்தார் என்றால், மன்னாரில் அவரை அறிந்தவர்கள் நம்பவேமாட்டார்கள். கலியாண வீட்டில் சோடாவைக்கூட மணந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிற மனிசன் அவர். ஆனால் அகதியாக வந்து, வேலைக்கு அனுமதி இல்லாமல் கனகாலம் சும்மா இருந்தவருக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.

அதனால் வீட்டில் ஒரு போட்டி. வேலை நிலைக்கவேண்டும் என்று அவர் மாதாவிடம் மன்றாடுவார். பக்கத்தில் முழங்காலில் நிற்கும் மனைவி லூர்தம்மா, அந்த வேலை போகவேண்டும் என்று அந்தோனியாரிடம் மன்றாடுவா.

"இஞ்சாருங்கோ, செபமாலை சொல்லுற வாயோடை சாராயக்கடைக்குப் போறியளே!"

"வாயை வீட்டிலை விட்டிட்டுத்தான் போறன். அங்கை கைக்குத்தானே வேலை."

கடைக்காரர் டெர்மட், கட்டட வேலைக்கு வந்து ஜெர்மனியிலேயே தங்கிவிட்டவர். சுரங்கத் தொழிலாளர் குடித்த பழைய கடையொன்றை எடுத்து, தன்னுடைய ஊரிலிருந்து நீளமான மரமேசை, இடித்த மாதா கோயிலொன்றின் இருக்கை வாங்குகள் எல்லாவற்றையும் லொறியில் கொண்டுவந்து இறக்கினார். வாசலோரம் சின்ன மர அறை ஒன்று. அதற்குக் கதவும், கிளாஸ் நீட்ட ஒரு குட்டி யன்னலும் உண்டு. அந்தக் காலத்தில் அவர்களுடைய நாட்டில் பெண்களும், சிலவேளை சுவாமிமாரும், ஒருவர் கண்ணிலும் படாமல் அதற்குள் இருந்து குடிப்பார்களாம். அம்புறோஸ் அண்ணை முதல்நாள் அதை, சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்று நினைத்து, சிலுவை போட்டுக்கொண்டுதான் துடைத்தார்.

மூலையில் ஐரிஷ்காரரின் காவல் புனிதரான சம்பத்திரிசியாரின் சுரூபம் நின்றது. அவர் பெயரில் யாழ்ப்பாணத்தில் பெரிய கல்லூரியே உண்டு. அம்புறோஸ் அண்ணை அதன் மதிலைத்தான் கண்டிருக்கிறார். ஆனாலும் தெரிந்த முகம் என்று தினமும் தூசி தட்டி, ஒரு வணக்கமும் வைப்பார்.

எண்பத்தாறாம் ஆண்டு பங்குனி மாதம் அது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின ஞாயிறோடு சுரூபங்களை உயிர்த்த ஞாயிறுவரை ஊதாத் துணியால் மூடிவிடுவது மன்னாரில் அவருடைய ஊர்க் கோயில் வழக்கம். மறுநாள் திங்கட்கிழமை காலை அம்புறோஸ் அண்ணை கடைக்குப் போனார். துணி கொண்டுபோயிருந்தார். சம்பத்திரிசியாரைத் தலையிலிருந்து கால்வரை மூடி, கயிற்றால் பக்தியாகக் கட்டினார்.

அன்றுதான் சம்பத்திரிசியார் திருநாள். ஐரிஷ்காரர் நோன்பிருக்கும் தபசுகாலத்தையும் ஒருபக்கம் வைத்துவிட்டுக் குடிக்கும் நாள்.

பின்னேரம் பச்சைச் சட்டையோடு வந்த டெர்மட் மூலையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். இரண்டு பேருடைய டொச்சுப் பாஷையும் நொண்டி. ஆனால் கோபத்துக்கு இலக்கணம் தேவையில்லை.

"அம்புறோஸ்! திருநாள்காரனையே மூட்டை கட்டிப்போட்டீரே! துணியை அவிழும்!"

"ஏலாது ஐயா. உயிர்த்த ஞாயிறு வருமட்டும் தொடக்கூடாது."

"நாளைக்கு வேலை வேணுமோ, வேண்டாமோ?"

அம்புறோஸ் அண்ணை தன் துடைப்பத்தைப் பார்த்தார். வேலை வேணும். நெஞ்சார வேணும். ஆனாலும் கை எழும்பவில்லை.

"வேணும் ஐயா. நீங்களே அவிழுங்கோ."

டெர்மட் விறுவிறென்று போய் முடிச்சில் கை வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது. சின்ன வயதில் கோயிலில் சுவாமிமாருக்குப் பூசைக்கு உதவிய பையன் அவர். பெரிய கிழமை முடியமுதல் ஊதாத் துணியை உயர்த்திப் பார்த்ததற்கு அவருடைய அம்மா போட்ட அடி, இத்தனை வருசம் கழித்தும் காதில் சுட்டதாம்.

"நீர் அவிழும்," என்றார் முதல் வந்த வாடிக்கைக்காரரிடம்.

"நானோ? என்ரை அம்மா இன்னும் உயிரோடை இருக்கிறா!"

அடுத்தவர் தன் கைவலியைச் சொன்னார். அதற்கடுத்தவர் சின்ன மர அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியில் கடை முழுக்க ஊதா மூட்டையைப் பார்த்தே கிளாஸ் உயர்த்தியது. டெர்மட் தலையில் கைவைத்தபடி சொன்னார்:

"கட்டினவர்தான் அவிழ்க்கவேணும். அதுவரைக்கும் உம்மை வேலையாலை நிப்பாட்டவும் ஏலாது. நாளைக்கு நேரத்துக்கு வாரும்."

வீட்டில் லூர்தம்மா கதை முழுவதையும் கேட்டுவிட்டு, அந்தோனியார் படத்தை ஒருமாதிரியாகப் பார்த்தா.

"அப்ப உயிர்த்த ஞாயிறுக்கு அவிழ்த்தாப் பிறகு?"

"பிறகு என்ன? அடுத்த தபசுகாலமும் வரும்தானே, திரும்பக் கட்டுறதுக்கு."